இப்பிக்காக்குவானா வேரும் சீதபேதியும்

மக்களை வருத்தும் பிணிகளுள் வயிற்றைப் பற்றியவை மிகப் பழையன. அவற்றுள்ளும் சீதபேதி கொடியது. அரசன் என்றும் ஆண்டி என்றும் அது வேறுபாடு பார்த்ததில்லை. இங்கிலாந்து மன்னன் யோன் 1216ஆம் ஆண்டில் இந்நோய்வாய்ப்பட்டு இறந்தான். பிரான்சு நாட்டிற் பெருவெற்றி பெற்ற ஐந்தாம் ஹென்றி 1422ஆம் ஆண்டில், முப்பத்தைந்து வயதில், மாண்டதும் இதனாலேயே என்பது வரலாற்றாசிரியர் பலர்தம் கருத்து. உலகைக் கப்பலிற் சுற்றிவந்த பிரான்சிசு திரேக் 1596ஆம் ஆண்டிற் பனாமாக் கரைக்கு அண்மையில் இதற்கே இரையானான். நீண்ட முற்றுகைகளிலும் நெடுங்கடற் பயணங்களிலும் பகைவர் வாளால் மடிந்தோரிலும் வயிற்றுளைவால் மடிந்தோர் பலராயிருந்தனர்.

இத்தகைய நோய்க்கு மேனாட்டு வைத்தியரிடம் நெடுங்காலம் நம்பத்தகுந்த மருந்து இருக்கவில்லை. குருதி, சளி, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என்னும் நால்வகை நீர்கள் உடலிற் சமநிலை இழத்தலே நோய் எனக் கிரேக்கர் வகுத்த கொள்கையையே அவர்கள் பின்பற்றினர். மிகுந்துவிட்ட நீரை வெளியேற்றுதலே மருத்துவம் என்று கருதி, குருதி வாங்குதல், பேதி கொடுத்தல், வாந்தி செய்வித்தல் ஆகிய மூன்றையும் மாறி மாறிக் கையாண்டனர். ஏற்கெனவே நீர் வற்றிச் சோர்ந்து கிடந்த நோயாளிக்கு இம்முறைகள் விளைத்த தீங்கு சொல்லுந் தரமன்று.

இந்நிலையிலேதான், பதினேழாம் நூற்றாண்டில், தென்னமெரிக்கக் காடுகளிலிருந்து ஒரு சிறு வேர் ஐரோப்பாவை அடைந்தது. இப்பிக்காக்குவானா என்பது அதன் பெயர். அடுத்து வந்த ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளில் அது போற்றப்பட்டது, கைவிடப்பட்டது, மீண்டும் போற்றப்பட்டது, மீண்டும் ஐயுறப்பட்டது. வேர் மாறவில்லை, அதனை உண்டோரின் உடலமைப்பும் மாறவில்லை. அவ்வாறாயின் அதன் புகழ் மட்டும் அலைபோல ஏறியும் இறங்கியும் வந்தது எதனால்? இவ்வினாவிற்கு விடை காண முயலுமிடத்து, ஒரு மருந்தின் கதையோடு மனித அறிவு வளர்ந்த வகையும் புலப்படும்.

காட்டு வேர்

இப்பிக்காக்குவானா ஒரு சிறுசெடி. கோப்பி, சிங்கோனா, நமது வீட்டு முற்றங்களிற் பூக்கும் வெட்சி ஆகியன எக்குடும்பத்தைச் சேர்ந்தனவோ அக்குடும்பத்தையே இதுவும் சேர்ந்தது. ஓர் அடி அளவே உயர்ந்து, பெருமரங்களின் நிழலில், ஈரலிப்பான மண்ணில் வளரும். பூக்கள் சிறியன, வெண்ணிறமானவை, கனிகள் கருஞ்சிவப்பானவை. இதன் பெருமை முழுவதும் வேரிலேயே அடங்கியுள்ளது. எழுதுகோலிலும் மெல்லிய அவ்வேர், நூலிற் கோத்த மணிகளைப் போல வளையம் வளையமாகக் கணுக்கள் பெற்றிருக்கும். சுவை கசப்பு. அதனை இடிக்கும்போது எழும் தூள் சிலருக்குத் தும்மலையும் மூச்சுமுட்டலையும் உண்டாக்கும்.

பிரேசில் நாட்டின் மாத்தோ குரோசோப் பகுதியிலும், வடக்கே கொலம்பியா, பனாமா, நிக்கராகுவா முதலிய நாடுகளிலும் இச்செடி தானாகவே வளர்கின்றது. திரேக் உயிர் துறந்த கரைக்கு அப்பாலுள்ள காடுகளும் இதன் பிறப்பிடங்களைச் சேர்ந்தனவே என்பது எண்ணத்தக்கது.

பிரேசிலின் பூர்விக குடிகளாகிய துப்பி மக்கள் இவ்வேரின் குணத்தை முன்னரே அறிந்திருந்தனர். இப்பிக்காக்குவானா என்னும் பெயரும் அவர்தம் மொழியினின்றே பிறந்தது. வழியோரத்திலுள்ள, குமட்டலை விளைக்கும் செடி என்று அதற்குப் பொருள் கூறுவர். இம்மருந்தின் வரலாற்றில் வைத்தியர், வணிகர், அரசர் எனப் பலருடைய பெயர்கள் இடம்பெறுகின்றன. ஆனால், காட்டிலுள்ள எண்ணற்ற வேர்களுள் இவ்வொன்றைத் தெரிந்தெடுத்து, இது வயிற்றுளைவைத் தீர்க்கும் என முதலிற் கண்டவர் இன்னார் எனக் கூறுவார் எவருமிலர். அப்பெயர் எழுதப்படவே இல்லை.

நூலிற் புகுந்த வேர்

ஐரோப்பியர் இவ்வேரைப் பற்றி எழுதிய தொடக்கக் குறிப்புகளுள் ஒன்று, 1625ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் சாமுவேல் பேர்ச்சசு என்பார் தொகுத்து வெளியிட்ட பயண நூலிற் காணப்படுகின்றது. பிரேசிலில் வாழ்ந்த போர்த்துக்கேயத் துறவி ஒருவருடைய எழுத்து அதில் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. குருதி கலந்த பேதிக்கு அந்நாட்டார் ஒரு வேரைப் பயன்படுத்துவர் என்னும் செய்தி அங்கே கூறப்படுகின்றது.

தெளிவான விளக்கத்தைத் தந்தவர்கள் ஒல்லாந்தரே. பிரேசிலின் வடகிழக்குப் பகுதியைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், 1637ஆம் ஆண்டு முதல் 1644ஆம் ஆண்டு வரை நசோ இளவரசர் யோகான் மோரிசு என்பாரின் ஆட்சியில் அதனை வைத்திருந்தனர். கல்வியிற் பெருவிருப்புடைய அவர், வில்லெம் பீசோ என்னும் வைத்தியரையும் கேயோர்க்கு மார்க்கிராப் என்னும் இயற்கைநூல் வல்லுநரையும் தம்முடன் வைத்துப் பேணினார். இவ்விருவரும் திரட்டிய செய்திகள் 1648ஆம் ஆண்டிற் பிரேசிலின் இயற்கை வரலாறு என்னும் பெருநூலாக இலத்தீன் மொழியில் வெளிவந்தன. அந்நூலில் இப்பிக்காக்குவானா முறையாக வருணிக்கப்பட்டது. கபிலம், வெண்மை என அதன் இருவகைகள் வேறுபிரித்துக் காட்டப்பட்டன. வயிற்றுளைவுக்கு அது சிறந்த மருந்து என்பதும் கூறப்பட்டது. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றுதற்குச் சரியாகப் பத்தாண்டு முன்னர் நிகழ்ந்தது இது.

ஆயினும் நூலில் இருந்த செய்தி நோயாளியின் படுக்கையை அடையவில்லை. இலத்தீனில் அச்சிடப்பட்ட அப்பெருநூல் அறிஞர்தம் ஏட்டறைகளிலே தங்கிவிட்டது. ஏட்டில் உள்ளதை நாட்டில் உள்ளதாக்குதற்கு வேறொருவர் வரவேண்டியிருந்தது.

பாரிசு மாநகரத்து இரகசியம்

1672ஆம் ஆண்டில் லெகிரா என்னும் வைத்தியர் அமெரிக்காவிலிருந்து இவ்வேரைப் பாரிசு நகருக்குக் கொண்டுவந்தார். ஆனால் அளவறியாது மிகுதியாகக் கொடுத்தமையால் நோயாளிகள் கடும் வாந்தியால் வருந்தினர். மருந்துக்கும் கெட்ட பெயரே கிடைத்தது.

அதன் பின்னர்க் கார்ணியே என்னும் வணிகர் ஒருவர் இவ்வேரைப் பெருந்தொகையாகத் தருவித்து வைத்திருந்தார். அவர் நோயுற்றபோது அபோர்த்தி என்னும் வைத்தியர் அவரைப் பார்த்து வந்தார். குணமடைந்த வணிகர், நன்றியறிதலாக, தம்மிடமிருந்த வேரின் சிறப்பை வைத்தியருக்கு எடுத்துக் கூறினார். முதிர்ந்த வைத்தியர் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவருக்கு உதவியாக உடனிருந்த இளைஞர் ஒருவரோ அதனைக் கூர்ந்து கேட்டார். அவ்விளைஞரே அதிரியன் எல்வேசியசு. ஒல்லாந்திலிருந்து பிழைப்பை நாடிப் பாரிசுக்கு வந்தவர். அவர் தந்தையாரும் ஏக் நகரிற் பெயர்பெற்ற வைத்தியராயிருந்தவர்.

எல்வேசியசு அவ்வேரைச் சிறிய அளவுகளிற் கொடுத்துப் பார்த்து, ஏற்ற அளவினைத் தெரிந்துகொண்டார். பின்னர், மருந்தின் பெயரை வெளியிடாது, வயிற்றுளைவைத் தீர்க்கும் அரிய மருந்து தம்மிடம் உண்டு எனப் பாரிசு வீதிகளில் அறிவித்தல்களை ஒட்டுவித்தார். அவர்தம் புகழ் பதினான்காம் உலூயி மன்னனுடைய அவை வரை சென்றது. மன்னனின் ஆணைப்படி ஒத்தெல் தியோ என்னும் பெரிய மருத்துவமனையில் அம்மருந்து சோதிக்கப்பட்டது. சோதனை நல்ல பயனைத் தந்தது. பட்டத்து இளவரசனும் அம்மருந்தாற் குணமடைந்தான் எனக் கூறுவர். 1688ஆம் ஆண்டளவில் மருந்தை விற்கும் தனியுரிமை எல்வேசியசுக்கு வழங்கப்பட்டது. பின்னர் மன்னன் ஆயிரம் உலூயிப் பொற்காசுகளைக் கொடுத்து இரகசியத்தை வாங்கி, அதனை உலகறியச் செய்தான்.

வேரைக் கொடுத்த வணிகர் கார்ணியே வாளாவிருக்கவில்லை. பரிசிலிற் பங்கு கோரி வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் எல்வேசியசின் பக்கமே தீர்ப்பளித்தது. மேல் மன்றமும் அதனையே உறுதிசெய்தது. வணிகருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிரேசிலின் காட்டு மக்கள் அவ்வழக்கில் ஒரு கட்சியாக எண்ணப்படவுமில்லை.

இங்கே சிந்தித்தற்குரிய ஒன்றுண்டு. ஆயிரம் பொற்காசு பெற்ற அவ்விரகசியம் உண்மையில் இரகசியமே அன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே பீசோவின் நூலில் அது அச்சாகியிருந்தது. எனினும் எல்வேசியசு செய்தது ஒன்றுமில்லை எனத் தள்ளிவிடுதலும் நீதியாகாது. லெகிரா கொணர்ந்த அதே வேர் அளவு தவறியமையாற் பழி பெற்றது. எல்வேசியசு கைக்கொண்ட வேர் அளவறிந்து கொடுக்கப்பட்டமையாற் புகழ் பெற்றது. மருந்தை அறிதல் ஒன்று. அதனைக் கொடுக்கும் முறையை அறிதல் மற்றொன்று. எல்வேசியசு பெரும்பொருளும் பெருமதிப்பும் பெற்று வாழ்ந்து 1727ஆம் ஆண்டில் இறந்தார். பிரெஞ்சு மெய்யியலாளருள் ஒருவராகிய குளோத் அதிரியன் எல்வேசியசு இவருடைய பேரனார்.

புதுமருந்தின் புகழ் பிரான்சின் எல்லையைக் கடந்தது. செருமானிய மெய்யியலறிஞரும் கணித மேதையுமாகிய இலைப்பினிற்சு, சீதபேதிக்குரிய இந்தப் புதிய அமெரிக்க மருந்தைப் பற்றி 1696ஆம் ஆண்டில் ஒரு தனி நூலே எழுதினார். நுண்கணிதத்தை வகுத்த அறிவு ஒரு காட்டு வேரைப் பற்றியும் எழுத விரும்பியமை அக்காலத்து அறிஞரின் பரந்த நோக்குக்குச் சான்றாகும்.

கடலோடிய வைத்தியர்

இங்கிலாந்தில் இவ்வேரின் பெயரை வீடுதோறும் பரப்பியவர் தோமசு தோவர். இவர் வாழ்க்கை ஒரு கதைபோன்றது. பிறிசுத்தல் நகரில் வைத்தியராயிருந்த இவர், நடுவயதில் வுட்சு உறோசசு என்பாருடன் சேர்ந்து, எதிரிநாட்டுக் கப்பல்களைச் சூறையாடும் அரச உரிமை பெற்ற கப்பல்களிற் கடலோடினார். 1709ஆம் ஆண்டில் அக்கப்பல்கள் பசிபிக் மாகடலிலுள்ள யுவான் பெர்னாந்தசுத் தீவை அடைந்தபோது, நான்கு ஆண்டுகளுக்கு மேலாகத் தனியே வாழ்ந்த அலெக்சாந்தர் செல்கேக் என்னும் மாலுமியை அங்கே கண்டு மீட்டனர். இறொபின்சன் குறூசோ என்னும் கதைக்கு அம்மாலுமியின் வாழ்வு வித்தாயிற்று என்பர்.

கடலினின்று மீண்ட தோவர் மறுபடியும் வைத்தியம் பார்த்து, 1732ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். அபினியையும் இப்பிக்காக்குவானாவையும் வேறு சில பொருள்களையும் சேர்த்துச் செய்யும் சூரணம் ஒன்று அதிற் கூறப்பட்டது. அவர் அதனை மூட்டுவாதத்திற்கே கூறினார். பிற்காலத்தவர் அதனைக் காய்ச்சலுக்கும் பேதிக்கும் வழங்கினர். அவர் விதித்த அளவு மிகப் பெரியது. அதனை உண்ணத் துணியுமுன் மரணசாதனம் எழுதிவைக்கும்படி மருந்து விற்போர் சிலர் நோயாளிகளுக்குச் சொன்னார்கள் என்பதைத் தோவரே தம் நூலில் நகையாகக் குறித்துள்ளார். தோவர் சூரணம் என்ற பெயரில் அது இருபதாம் நூற்றாண்டிலும் ஆங்கில மருந்து நூல்களில் இடம்பெற்றிருந்தது.

எது உண்மை வேர்?

புகழ் பெற்ற பொருளுக்குப் போலிகள் தோன்றுதல் இயல்பு. இப்பிக்காக்குவானா என்னும் பெயர் தென்னமெரிக்காவில் வாந்தியை உண்டாக்கும் வேர்கள் பலவற்றுக்கும் பொதுவாக வழங்கியது. ஆகவே ஐரோப்பியச் சந்தைகளில் வேறு வேறு செடிகளின் வேர்கள் ஒரே பெயரில் விற்கப்பட்டன. ஏறக்குறைய நூறாண்டு காலம் ஐரோப்பியர் இம்மருந்தை உண்டனரேயன்றி, அதனைத் தரும் செடி எது என்பதைத் திட்டமாக அறிந்தாரல்லர்.

இக்குழப்பத்தைத் தீர்த்தவர் போர்த்துக்கேயக் கடற்படை வைத்தியராகிய பெர்னார்தினோ அந்தோனியோ கோமிசு. அவர் பிரேசிலில் உண்மைச் செடியை நேரிற் கண்டு, 1801ஆம் ஆண்டில் இலிசுபன் நகரில் அதன் விளக்கத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் புறோத்தேரோ என்னும் தாவரவியலறிஞர் அதற்கு முறையான பெயரிட்டார்.

செடி தெளிந்த பின்னர் அதன் சத்து எது என்னும் வினா எழுந்தது. 1817ஆம் ஆண்டிற் பாரிசு நகரில் பெலத்தியே என்னும் இரசாயன அறிஞரும் மசாந்தி என்னும் உடற்றொழிலியல் அறிஞரும் இவ்வேரினின்று ஒரு பொருளைப் பிரித்தெடுத்தனர். வாந்தியை உண்டாக்குவதாதலின், வாந்தி என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு எமெற்றீன் என்று அதற்குப் பெயரிட்டனர். இதே பெலத்தியேதான் மூன்று ஆண்டுகளின் பின்னர்க் கவெந்து என்பாருடன் சேர்ந்து சிங்கோனாப் பட்டையினின்று குவினைனைப் பிரித்தவர். வேரின் எடையில் நூற்றுக்கு இரண்டளவே இத்தகைய காரப்பொருள்கள் உள்ளன. அவ்வளவும் எல்லா வேர்களிலும் ஒரே சீராய் அமைவதில்லை. ஒரு நோயாளிக்குப் பலித்த மருந்து மற்றொருவருக்குப் பலியாமைக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. ஆயினும் இதனினும் பெரிய காரணம் ஒன்று இன்னும் மறைந்தே கிடந்தது.

கீழ்நாடுகளில்

சீதபேதியின் கொடுமையை ஐரோப்பியர் முழுதும் உணர்ந்தது வெப்பநாடுகளிலேதான். இந்தியாவிற் பிரித்தானியப் படைமுகாம்களில் அது பெரும் உயிர்க்கொல்லியாயிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கிருந்த வைத்தியர் பலர் இப்பிக்காக்குவானாவைக் கைவிட்டு, குருதி வாங்குதலையும் இரசம் சேர்ந்த மருந்துகளையுமே பெரிதும் நம்பினர். நோயோடு மருந்தும் நோயாளியை வாட்டியது.

1858ஆம் ஆண்டில் மொரிசியசுத் தீவிலிருந்த டொக்கர் என்னும் வைத்தியர், இவ்வேரைப் பெரிய அளவிற் கொடுத்தாற் சீதபேதி விரைவில் தணிகின்றது என எழுதினார். இந்தியாவிலிருந்த வைத்தியர் அம்முறையை ஏற்றனர். முதலிற் சில துளி அபினிச் சாரத்தைக் கொடுத்து, வயிற்றின்மேற் கடுகுப்பற்று இட்டு, அரைமணி நேரத்தின் பின்னர் முப்பது கிரெயின், அதாவது ஏறக்குறைய இரண்டு கிராம், வேர்த்தூளைக் கொடுப்பர். நோயாளி அசையாது மல்லாந்து கிடத்தல் வேண்டும். சில மணி நேரம் நீரும் அருந்தலாகாது. மருந்து வாந்தியாய் வெளியேறாது வயிற்றில் தங்குதற்கே இத்தனை ஏற்பாடும். வாந்தி மருந்து என்று பெயர்பெற்ற ஒன்றை வாந்தி வராமற் காத்துக் கொடுக்க நேர்ந்தமை ஒரு புதுமை. நோயைத் தீர்ப்பது வாந்தியன்று, வேறேதோ ஒன்று என்பதற்கு அதுவே முதற் குறிப்பாயமைந்தது.

வேரின் தேவை பெருகவே, அதனை இந்தியாவிற் பயிரிடும் முயற்சி தொடங்கிற்று. சிங்கோனாவைப் போல இதனையும் கீழ்நாட்டு மலைச்சாரல்களில் வளர்த்துவிடலாம் என எண்ணினர். 1866ஆம் ஆண்டளவில் இலண்டன் கியூப் பூங்காவிலிருந்து கல்கத்தாவுக்குச் செடி அனுப்பப்பட்டது. ஆனால் அது மிக மெதுவாகவே பெருகியது. எடின்பரோப் பூங்காவிற் பணியாற்றிய மக்னாப் என்பார் வேரைத் துண்டுகளாக வெட்டி நட்டாற் செடி முளைக்கும் என்று கண்டபின்னரே சிறிது முன்னேற்றம் உண்டாயிற்று. பிரேசிலில் வேர் அகழ்வோர் வேரின் சிறுதுண்டுகள் மண்ணிற் கிடந்து மீண்டும் தளிர்ப்பதை நெடுநாளாகவே அறிந்திருந்தனர். இமயமலைச் சாரலில் முதலில் மேற்கொண்ட பயிர்ச்செய்கை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. இருபதாம் நூற்றாண்டிலேயே மலாயாவிலும் தார்சிலிங்கிற்கு அண்மையிலுள்ள மங்பூவிலும் அது நன்கு பயிராயிற்று.

பிரேசிலிலிருந்து வந்த வேர் விலைமிக்கதாயிருந்தமையால், அதற்கு ஈடான நாட்டு மூலிகை ஒன்றைத் தேடும் முயற்சியும் உடன் நிகழ்ந்தது. சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் காணப்படும் நஞ்சறுப்பான் என்னும் கொடி அவ்வகையிற் சிறப்பிடம் பெற்றது. உண்ட நஞ்சை வாந்தியால் வெளியேற்றுவது என்பதை அதன் தமிழ்ப் பெயரே உணர்த்துகின்றது. தாவரவியலறிஞர் உறொக்சுபேக்கும் சென்னை அரசின் தலைமை வைத்தியராயிருந்த யேம்சு அந்தர்சனும் இதன் பயனை எடுத்துரைத்தனர். 1868ஆம் ஆண்டில் எட்வேட் வேறிங் என்பாரை ஆசிரியராகக்கொண்டு வெளிவந்த இந்திய மருந்து நூலிலும் இது இப்பிக்காக்குவானாவுக்கு மாற்றாக இடம்பெற்றது.

அந்நூலுக்கு யாழ்ப்பாணத்தோடு ஒரு தொடர்புண்டு. மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தமிழிற் புகட்டிய சாமுவேல் பிசுக் கிறீன் வைத்தியர் (1822 - 1884) தமிழாக்கிய நூல்களுள் அதுவும் ஒன்று. இந்து பாதார்த்த சாரம் என்னும் பெயரில் அது தமிழ் உருப்பெற்றது. துப்பி மக்களின் காட்டிலிருந்து புறப்பட்ட செய்தி ஒல்லாந்தரின் இலத்தீனிலும், பிரெஞ்சிலும், ஆங்கிலத்திலும் நடந்து ஈற்றில் தமிழையும் வந்தடைந்த வரலாறு இது.

ஒரு பெயர், இரு நோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே மறைந்திருந்த காரணம் மெல்ல வெளிப்படலாயிற்று. 1875ஆம் ஆண்டில் சென் பீற்றர்சுபேக் நகரத்து வைத்தியர் பியோதர் இலோசு, சீதபேதியுற்ற ஒருவருடைய மலத்தை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்து, அதில் அமீபா என்னும் நுண்ணுயிரைக் கண்டார். 1897ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் கியோசி சிகா, சீதபேதியை உண்டாக்கும் பற்றீரியாவைக் கண்டுபிடித்தார். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுக்கும் கண்டுபிடிப்புகள் அல்ல. சீதபேதி என ஒரே பெயரால் வழங்கியது உண்மையில் ஒரு நோய் அன்று. குறிகளால் ஒத்து, காரணத்தால் வேறுபட்ட இரண்டு நோய்கள் என்பதே அவற்றால் விளங்கியது. ஒன்று பற்றீரியாவால் வருவது. முற்றுகைகளிலும் படைமுகாம்களிலும் திடீரெனத் தோன்றிப் பலரை ஒருங்கே தாக்குவது. மற்றது அமீபாவால் வருவது; மெல்லத் தொடங்கி, நெடுநாள் நீடித்து, சிலவேளை ஈரலிற் சீழ்க்கட்டியையும் உண்டாக்குவது.

முந்நூறு ஆண்டுக் குழப்பத்துக்கும் விடை இதனுள் அடங்கியிருந்தது. இப்பிக்காக்குவானா அமீபாவைக் கொல்லும். சிகா கண்ட பற்றீரியாவினால் வரும் நோயை அது தீர்ப்பதில்லை. வைத்தியரோ இரண்டையும் வேறுபிரித்தறியாது ஒரே மருந்தை வழங்கினர். அமீபாவால் நோயுற்றோர் பலராயிருந்த இடத்தில் வேர் புகழ் பெற்றது. பற்றீரியா பரவிய இடத்தில் அது பழி பெற்றது. பற்றீரியாவால் நோயுற்றோருட் பலர் மருந்தின்றியே சில நாட்களில் தேறிவிடுதலும் உண்டாதலின், மருந்துக்கு உரியதல்லாத புகழும் சிலவேளை அதனைச் சேர்ந்தது. பாரிசு மருத்துவமனையில் எல்வேசியசு குணப்படுத்திய நோயாளிகளுட் சிலர் இவ்வாறு தாமே தேறியவர்களாகவும் இருக்கலாம்.

இதற்கிடையில் நிகழ்ந்த தவறொன்று அறிவுலகுக்கு நல்ல பாடமாகும். எமெற்றீன் வாந்தியை உண்டாக்குவது மட்டுமே செய்கின்றது, நோயைத் தீர்ப்பது வேரிலுள்ள பிறிதொரு பொருள் எனச் சிலர் கருதினர். ஆகவே 1890ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், எமெற்றீனை நீக்கிய வேர்த்தூள் இந்தியாவிற் சீதபேதிக்குக் கொடுக்கப்பட்டது. அது நற்பயன் தந்தது என்றும் எழுதப்பட்டது. பழைய வைத்தியர் வாந்தியே மருந்தின் பயன் என்று நம்பி நோயாளியை வருத்தினர். புதிய வைத்தியரோ வாந்தியை ஒழிக்க விரும்பி மருந்தின் உயிரையே நீக்கிவிட்டனர். கண்ணுக்குப் புலப்பட்ட வாந்தியே இருசாராரையும் மயக்கியது.

இம்மயக்கத்தைத் தெளிவித்தவர் அமெரிக்கப் படை வைத்தியராகிய எட்வேட் வெதர். 1911ஆம் ஆண்டில் மனிலா நகரில் அவர் அமீபாக்களைக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்து, அவற்றின்மேல் எமெற்றீனைச் சோதித்தார். ஒரு பங்கு எமெற்றீனை ஓரிலட்சம் பங்கு நீரிற் கரைத்த மிக மெல்லிய கரைசலும் அமீபாவைக் கொல்லக் கண்டார். அடுத்த ஆண்டிலே கல்கத்தாவிற் பணியாற்றிய இலெனாட் உறோசர்சு, தூய எமெற்றீனை நோயாளிகளின் தோலின் கீழ் ஊசியால் ஏற்றினார். வாயால் உட்கொள்ள முடியாது வருந்திய நோயாளிகள் சில நாட்களிலே தேறினர். ஈரற் கட்டியுற்றோரும் பயன்பெற்றனர். துப்பி மக்கள் கண்டது மெய்யே என்பது அவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

எமெற்றீனின் தாழ்வு

அடுத்த ஐம்பது ஆண்டுகளாக அமீபாச் சீதபேதிக்கு எமெற்றீனே தலையாய மருந்தாயிருந்தது. எண்ணற்றோர் அதனால் உயிர் பிழைத்தனர். ஆனால் அதற்கும் ஒரு குறையிருந்தது. அமீபாவைக் கொல்லும் அப்பொருள் இதயத்தையும் தாக்க வல்லது. ஊசி பெறும் நோயாளி படுக்கையிலேயே ஓய்ந்திருத்தல் வேண்டும். நாடித்துடிப்பை நாளும் கவனித்தல் வேண்டும். சில நாட்களுக்கு மேல் மருந்தைத் தொடரலாகாது. உயிரணுக்கள் புரதத்தை ஆக்கும் தொழிலையே எமெற்றீன் தடுக்கின்றது என்பது பிற்கால ஆராய்ச்சியாற் புலனாயிற்று. புரதம் ஆக்குதல் அமீபாவுக்கும் மனிதருக்கும் பொதுவான தொழிலாதலின், மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையேயுள்ள வரம்பு மிகக் குறுகியதாயிருந்தது.

1966ஆம் ஆண்டில் மெற்றோனிடசோல் என்னும் செயற்கை மருந்து அமீபாச் சீதபேதியைத் தீர்க்கும் எனத் தென்னாபிரிக்காவில் நடந்த சோதனைகள் காட்டின. வாயால் உட்கொள்ளத்தக்கதும் இதயத்தை வருத்தாததுமாகிய அது எமெற்றீனின் இடத்தை விரைவிற் கைப்பற்றியது.

வேருக்கு மிஞ்சியிருந்தது பழைய வாந்தித் தொழில் ஒன்றே. நஞ்சுண்ட குழந்தைகளுக்கு வாந்தி செய்வித்தற்பொருட்டு இப்பிக்காக்குவானாப் பாணியை வீட்டில் வைத்திருக்கும் வழக்கம் அமெரிக்காவில் நெடுநாள் நிலவியது. நஞ்சுண்டோருக்கு அதனால் நன்மை விளைகின்றது என்பதற்குத் தக்க சான்றில்லை என்று கண்ட அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகம், அதனை இனி வீட்டில் வைத்திருத்தல் வேண்டாம் என 2003ஆம் ஆண்டில் அறிவித்தது. முந்நூறு ஆண்டுக்கு மேல் ஐரோப்பியரும் அமெரிக்கரும் மருந்துப் பெட்டிகளில் வைத்துப் பேணிய வேர் அவற்றினின்று பெரும்பாலும் விடைபெற்றது.

முடிபு

இவ்வரலாற்றை நோக்குவோர், பழைய வைத்தியர் எல்லோரும் பேதையர் என்றோ, பழைய மருந்துகள் எல்லாம் அமுதம் என்றோ முடிவு கட்டுதல் பொருந்தாது. காட்டு மக்களின் பட்டறிவிலே ஓர் உண்மை இருந்தது. அவ்வுண்மை எந்த அளவிற்கு, எந்த நோய்க்கு, எக்காரணத்தாற் பொருந்தும் என்பதை அறிவதற்கு வணிகரும் வைத்தியரும் தாவரவியலாரும் இரசாயன அறிஞரும் நுணுக்குக்காட்டியும் வேண்டியிருந்தன. அனுபவம் மருந்தைத் தந்தது. ஆராய்ச்சி அதன் எல்லையைத் தந்தது. எல்லை அறியப்படாத காலத்தில் ஒரே வேர் ஒருவனைக் காத்தது. மற்றொருவனைப் பயனின்றி வருத்தியது.

மருந்து கொடுத்தற்கு முன்னர் நோய் இன்னதென்று தெளிதல் வேண்டும், அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும், அதன்பின்னரே தீர்க்கும் வழியை நாடுதல் வேண்டும் என்னும் முறையைத் திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் வகுத்துள்ளார். இப்பிக்காக்குவானாவின் வரலாறு அம்முறையைத் தலைகீழாக நடத்தியது. மருந்து முதலிற் கிடைத்தது. காரணம் பின்னர்த் தெரிந்தது. இரண்டு நோய்கள் ஒரு பெயரில் மறைந்திருந்தன என்பது ஈற்றிலேயே விளங்கியது. அவ்விடைக்காலத்தின் நீளம் இருநூற்றைம்பது ஆண்டு. அதற்குள் மடிந்தோரின் தொகையை எந்த ஏடும் குறித்துவைக்கவில்லை. அவ்வேரை முதலிற் கண்டவரின் பெயரைப் போலவே அதுவும் எழுதப்படாமற் போயிற்று.